சுவரைத் தட்டியது யார்?

அத்தியாயம் 11

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து அத்தை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாளே, நினைவிருக்கிறதா? தலைமாட்டுச் சுவரை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். டக், டக், டக். அப்புறம் சத்தமே இல்லை.

அந்தப் பக்கத்து அறையில் இருந்தது பட்டாணி மட்டும்தான். அத்தையுடைய மூத்த அண்ணனின் ஒரே மகள். ஐந்து வயது ஆகப்போகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை நண்பனைப் பார்க்கப் போயிருந்தான்.

குழந்தை சுவரைத் தட்டினால் அதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அதே சுவரில், அதே இடத்தில், அதே மூன்று தட்டலை அத்தை பாவாடை கட்டிய வயதில் தினமும் கேட்டிருக்கிறாள். அப்போது தட்டியவன் அவளுடைய இரண்டாவது அண்ணன். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். அவனுக்கும் பேச்சு வரவில்லை. விருந்தாளி வந்தால் அவனை அந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒருநாள் எங்கேயோ ஒரு விடுதிக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்து அப்பா வந்து, காய்ச்சலில் போய்விட்டான் என்றார். அம்மா அழுதாள். அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை.

பெரியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் அந்த அறைக்கு வெள்ளையடித்துத் தன் மகளுக்குக் கொடுத்தான். தனக்கு இப்படி ஒரு கொழுந்தன் இருந்ததே அண்ணிக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். இந்த வீட்டில் ஒரு முழு ஆளை மறைத்து வைத்திருந்தார்கள்.

அத்தை சிறப்புக் கல்வி ஆசிரியை. மாற்றலாகி அண்ணி வேலை செய்யும் பள்ளிக்கே வந்து, அண்ணன் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். பட்டாணியைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையைப் பரிசோதித்துப் பயிற்சியைத் தொடங்க வேண்டும், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். அதைச் சொன்னதற்குத்தான் அண்ணன் அப்படிக் கத்தினான்: "என் பொண்ணு பக்கத்துல உன் படிப்பைக் கொண்டு வராதே!"

அண்ணியோ, "எங்க சித்திகூட லேட்டாதான் பேசினாங்களாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இதுதான் நிலவரம். இன்று திங்கட்கிழமை. அண்ணி, நாத்தனார் இருவருக்கும் பள்ளி இல்லை, பயிற்சிப் பட்டறை. பொது ஆசிரியர்களையும் சிறப்பு ஆசிரியர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லித்தரப் போகிறார்களாம்.

"நல்லா தூங்கலாம்" என்றாள் அண்ணி, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு. "போன தடவை பயிற்சில நான் ஒரு முழு ஸ்வெட்டர் பின்னி முடிச்சேன்."

அத்தை சிரிக்கவில்லை. எதிர்ச் சாரியில் நீளமான ஒரு மதில், அதில் ஒரு பச்சைத் தகரக் கதவு. உள்ளே கிடங்கா, வீடா, இருவரும் விசாரித்ததில்லை. தினமும் பார்க்கிற கதவு. அந்தக் கதவிலிருந்துதான் சத்தம் வந்தது. டங், டங், டங்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"அந்தக் கதவை யாரோ தட்டினாங்க அண்ணி."

"அது எப்பவும் காத்துக்கு ஆடும். வா, பஸ் வந்துடுச்சு."

மதிலுக்கு மேலே தெரிந்த மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அத்தை தன்னையே திட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

*

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் எண்ணெயும் தண்ணீரும் போல, பொது ஆசிரியர்கள் மின்விசிறிக்குக் கீழேயும் சிறப்பு ஆசிரியர்கள் கதவோரமும் ஒதுங்கிவிட்டார்கள். மைக் ஒரு தடவை வீறிட்டது. மின்விசிறிக்குக் கீழே கண்மூடியிருந்த கணக்கு டீச்சர் "உள்ளேன்" என்று சொல்லாத குறைதான்.

பயிற்சியாளர் குட்டை முடி வைத்த பெண். வந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஸ்கூல்ல சிறப்புக் குழந்தைகளை டீச்சர்ஸ் ரூம்ல என்னன்னு சொல்லுவீங்க? உண்மையைச் சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அண்ணிதான் முதலில் தைரியமாகச் சொன்னாள். "உங்க பிள்ளைங்க."

"யாரோட பிள்ளைங்க?"

"சிறப்பு டீச்சரோட பிள்ளைங்க. 'உங்க பிள்ளை என் கிளாஸ்ல அழுவுது, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு ஆள் அனுப்புவோம்."

கூடம் சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். அவளுடைய மூன்றாம் வகுப்பு பள்ளியிலேயே அமைதியான வகுப்பு என்று பெயர் வாங்கியது. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று அவள் ஒருமுறை சொன்னால் போதும். வீட்டில் பட்டாணிக்கும் அதே பாடம்தான். குழந்தை மேஜையைத் தட்டினால் "கை கட்டு கண்ணா" என்பாள், அதுவும் கட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் தன் அறைக்குள் போய்ச் சுவரைத் தட்டும்.

மத்தியானத்துக்குப் பிறகு விளையாட்டு ஒன்று வைத்தார்கள். ஒரு பொது ஆசிரியர், ஒரு சிறப்பு ஆசிரியர் என்று ஜோடி சேர வேண்டும். சிறப்பு ஆசிரியர் குழந்தையாக உட்காரவேண்டும், பொது ஆசிரியர் வழக்கம்போலப் பாடம் நடத்த வேண்டும். அவரவர் தோழியைப் பிடித்துக்கொண்டதில் கடைசியில் மிஞ்சியது அண்ணியும் நாத்தனாரும்தான். வீட்டில் ஒரே குக்கரில் சமைக்கிறவர்கள், கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

பயிற்சியாளர் அத்தையின் காதில் ஒரு ஹெட்போனை மாட்டினார். உள்ளே சந்தை இரைச்சலை ஓடவிட்டிருந்தார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். அதில் 'ஜன்னலை மூட வேண்டும்' என்று இருந்தது. வாயைத் திறக்காமல் அதை டீச்சருக்குப் புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குழந்தையை மனசுல வச்சுக்குங்க" என்றார்.

அத்தைக்குத் தெரிந்த குழந்தைகளுக்கா பஞ்சம்? தலையை ஆட்டும் பையன், கையை உதறும் பெண், ஒரே வார்த்தையை நாள் முழுக்கச் சொல்லும் ஒருத்தி. எல்லோரையும் விட்டுவிட்டு அவள் விரல் மடங்கியது. மேஜையில் தட்டினாள். மூன்று முறை.

தட்டிவிட்டு நிறுத்தினாள். நிறுத்தியதும்தான் அவளுக்கு அது நடந்தது. உடம்பு முழுக்க ஒரு காத்திருப்பு. காதில் சந்தை இரைகிறது, எதிரே அண்ணியின் உதடுகள் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்கின்றன, ஆனால் அத்தையின் விரல்கள் வேறெதையோ எதிர்பார்த்து மேஜைமேல் காத்திருந்தன. மறுபடி தட்டினாள். மறுபடி காத்திருந்தாள்.

அண்ணியின் கை நீண்டு வந்து அவள் விரல்களை அழுத்தியது. "கை கட்டு."

அத்தை இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறாள். இந்தத் தட்டலுக்கு 'திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு' என்று பாடப்புத்தகம் வைத்த பெயர் அவளுக்கு அத்துப்படி. எத்தனை தடவை தட்டுகிறது, எவ்வளவு நேரம் தட்டுகிறது என்று எண்ணத் தெரியும். தட்டிய பிறகு அந்தப் பிள்ளை ஏன் நிறுத்துகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. சின்னவன் நிறுத்தியபோதும் யோசித்ததில்லை.

பயிற்சியாளர் ஹெட்போனைக் கழற்றினார். "குழந்தை என்ன கேட்டுச்சு டீச்சர்?" என்று அண்ணியைக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கல. சும்மா தட்டிக்கிட்டிருந்துச்சு."

"நீங்க சொல்லுங்க. ஜன்னலைத்தானே கேட்டீங்க?"

அத்தை காகிதத்தைப் பார்த்தாள். அது அடியோடு மறந்துபோயிருந்தது. "இல்ல மேடம். யாராவது திருப்பித் தட்டுவாங்களான்னு பாத்தேன்."

அண்ணி தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

*

டீ இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே அண்ணி அவளை மடக்கினாள். கையில் டீக் கோப்பை இருந்தது.

"என் பொண்ணைத்தான் நடிச்சுக் காட்டினியா? அத்தனை பேர் முன்னாடி?"

"அண்ணி, சத்தியமா இல்ல."

"மூணு தட்டு, அப்புறம் தலையைச் சாய்ச்சு நிறுத்தறது. அது என் பட்டாணி. பெத்தவளுக்குத் தெரியாதா? வாத்தியார் பிள்ளை மக்குன்னு ஊர் சிரிக்கறதுக்கு முன்னாடி நீயே சிரிக்கவச்சுட்டே."

அப்படியானால் அண்ணியும் கவனித்திருக்கிறாள். சித்தி லேட்டாகப் பேசின கதையெல்லாம் வாய்ப்பேச்சு. ராத்திரி பகலாக அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அத்தைக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

"நான் நடிச்சது பட்டாணியை இல்ல. எங்க சின்னவனை."

"யாரு சின்னவன்?"

"எனக்கு இன்னொரு அண்ணன் இருந்தான் அண்ணி. பேச்சு வராது. பட்டாணி இருக்கற ரூம்லதான் இருந்தான். இதே மாதிரி மூணு தடவை தட்டுவான். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போய்ட்டான்."

அண்ணி கோப்பையைப் படியில் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தான் துடைத்த சுவர், தான் பெருக்கிய தரை, தன் குழந்தையைப் போட்டிருக்கும் கட்டில் எல்லாம் அவள் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

"அவரு சொல்லவே இல்லையே" என்றாள் மெதுவாக. "சரி, செத்துப்போனவன் தட்டினது என் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

ரத்தத்தில் வரலாம் என்று அத்தை படித்த படிப்பு சொல்லும். ஆனால் ரத்தத்துக்கு எண்ணத் தெரியுமா? அதே சுவர், அதே இடம் என்று ரத்தம் தேடிக் கண்டுபிடிக்குமா?

மீதிப் பயிற்சியில் இருவர் காதிலும் ஒன்றும் ஏறவில்லை. நாளைக்கும் வரவேண்டும் என்று சொன்னது மட்டும் கேட்டது. திரும்பும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

வீட்டு வாசலில் அண்ணனின் செருப்பு கிடந்தது. அவனுக்கு ஆஸ்பத்திரி லேபில் காலை முறை வேலை. மத்தியானமே வந்து, காலையில் பக்கத்து வீட்டில் விட்ட குழந்தையை அழைத்துக்கொள்வான். இரண்டு பெண்களும் பள்ளியிலிருந்து திரும்பும்வரை பட்டாணி அவன் பொறுப்பு.

கூடத்தில் ஆளில்லை. குழந்தையின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. அத்தையின் அறைக்கதவு சாத்தியிருந்தது. காலையில் அவள் அதைச் சாத்தவில்லை.

உள்ளே எங்கிருந்தோ சத்தம் வந்தது. டக், டக், டக்.

அண்ணி அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அப்போது பதில் வந்தது. டக். ஒரே ஒரு தட்டல். உடனே பக்கத்து அறையில் பட்டாணி கலகலவென்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த வீட்டில் இரண்டு பெண்களும் கேட்டதே இல்லை.

அத்தை தன் அறைக்கதவைத் தள்ளினாள்.

அவளுடைய கட்டிலில் அண்ணன் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். காது சுவரில் ஒட்டியிருந்தது. விரல் மடங்கியிருந்தது. சின்ன வயதில் அவன் அப்படித்தான் உட்காருவான். அவளுக்கு அதுவும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் சின்னவன் மூன்று தட்டுவான், இந்தப் பக்கம் பெரியவன் ஒன்று தட்டுவான். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிடுவாள்.

"நீதானா?" என்றாள் அத்தை. "பேய்னு நெனச்சு நான் தூக்கமில்லாம செத்துக்கிட்டிருக்கேன். நீதான் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தியா?"

அண்ணன் திருடன் மாதிரி விழித்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா" என்றான். "அப்பான்னு சொல்ல மாட்டேங்கறா. ஒருநாள் சும்மா சின்னவன் மாதிரி மூணு தட்டிப் பாத்தேன். திருப்பித் தட்டினா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"இதைத்தானே அண்ணா நான் அன்னைக்கிலேருந்து சொல்றேன்? அவளுக்குப் பேசத் தெரியும். அதுக்கு வழி பண்ணத்தானே பரிசோதனை பண்ணணும்ங்கறேன்?"

"வேண்டாம். சின்னவனையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு டாக்டர் ஒரு பேரு வச்சாரு. அடுத்த வாரம் பெட்டி கட்டியாச்சு. பேரு வச்சா கொண்டு போயிடுவாங்க."

"யாரும் வந்து கொண்டு போகல அண்ணா. அனுப்பினது நாம."

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான். பெரிய ஆள் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அண்ணி இதுவரை வாசற்படியைத் தாண்டவில்லை. இப்போது கேட்டாள். "செத்துப்போன தம்பியை என்கிட்ட மறைச்சீங்க. சரி. அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தத் தட்டு உங்களுக்கு எப்படிங்க மறக்கல?"

"அவன் மறக்க விட்டாத்தானே?" என்றான் அண்ணன். "நேத்துகூடத் தட்டினான்."

"நேத்து ஞாயித்துக்கிழமை" என்றாள் அத்தை.

"ஞாயித்துக்கிழமைதான் போவேன்."

"அப்பா காய்ச்சல்னு சொன்னாரே. அம்மா அழுதாளே!"

"அப்பா பொய் சொன்னாரு. சாகறப்பதான் என்கிட்ட உண்மையைச் சொன்னாரு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. அதுக்குள்ள எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. இவ்வளவு பெரிய பொய்யை எந்த நாள் பாத்து வெளியே எடுக்கறது? நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளியாச்சு."

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறான். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நொடி, அவளைவிட இரண்டு வயது மூத்தவன் இத்தனை வருடம் எங்கேயோ ஒரு சுவரைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறான் என்று உறைத்தது. செத்தவனைப் பார்த்துப் பயந்தது எவ்வளவோ தேவலை.

அண்ணி உள்ளே வந்தாள். தோள்பையைக் கூடக் கழற்றவில்லை. கணவனைக் கடந்து போய்ச் சுவருக்கு எதிரே நின்றாள். எத்தனை தட்ட வேண்டும் என்ற கணக்கு அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து காதில் விழுந்ததையே தட்டினாள். மூன்று.

அந்தப் பக்கம் சத்தமில்லை. பட்டாணி குழம்பிப் போயிருப்பாள். அம்மா அவளை இதுவரை இப்படிக் கேட்டதில்லையே.

அண்ணி சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தன் வகுப்பில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் அவள் இப்படிக் காத்திருந்ததே கிடையாது.

டக்.

ஒன்றே ஒன்று. சுவரில் ரொம்பக் கீழே, குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவளுடைய வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "நாளைக்குப் பட்டறைக்கு லீவு. என் பொண்ணை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம். நீங்களும் வர்றீங்க. அவ எங்க கூடத்தான் இருப்பா, எந்தப் பேரு வச்சாலும். அதுக்கு முன்னாடி எனக்கு என் கொழுந்தனைப் பாக்கணும். எங்கே இருக்காரு? எவ்வளவு தூரம்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தூரமாத்தான் இருந்தான். கிட்ட இருக்கட்டும்னு போன வருஷம்தான் மாத்தினேன்."

"கிட்டன்னா?"

"நீங்க ரெண்டு பேரும் தினமும் பஸ் ஏறுவீங்களே, அதுக்கு எதிர்ல இருக்கற விடுதி. பச்சைத் தகரக் கதவு. காலையில அவனை அந்தக் கதவுகிட்டதான் உக்காரவைப்பாங்க."

அண்ணி அத்தையைப் பார்த்தாள். அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் மூன்று முறை தட்டினான். அவள் பதில் தட்டாமல் பஸ் ஏறிவிட்டாள்.